பட்டன் இல்லாத போன்

கொக்குவில்
07.10.2024

அன்புள்ள அண்ணை,

இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று தரம் கதைக்கிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் கனடாவிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் அம்மா என் பக்கத்தில் இருக்கிறார். அதோடு, நீங்கள் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் "ஓம் அண்ணை" என்றுதான் வருகிறது. எழுதினால் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைப் போனில் எழுதவில்லை. நான் வேலை செய்கிற கந்தோர்க் கணினியில், காதுக்குள் அது வாசிக்க வாசிக்கக் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ஏன் போனில் எழுதவில்லை என்பதுதான் விசயம்.

போன கிழமை என் மேசைக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் ஏதோ கையெழுத்துக்காக நின்றார்கள். நான் கூடப் படித்த பிள்ளை ஒருத்திக்கு, எனக்கு வயிற்றுக்குத்து என்று போனில் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவர்கள் போனபிறகு அற்புதராணி அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். குருநகர் அக்கா, உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த மேசை.

"தர்சி, உன்ரை போனைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியடி. நீ எழுதுறதை உவங்கள் நிண்டு வாசிக்கிறாங்கள்."

"என்னெண்டு அக்கா வாசிக்கிறது? திரை இருட்டெல்லோ."

"இருட்டோ? மாதா கோயில் திருவிழா மாதிரியெல்லோ எரியுது."

பழைய போனில் திரையை எப்போதும் இருட்டாக்கித்தான் வைத்திருந்தேன். எனக்குப் போன் கதைக்கும், வெளிச்சம் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அது வெறும் கறுப்புக் கண்ணாடி. பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் அப்படித்தான் இருந்தேன். பஸ்ஸில் எத்தனை பேர் இடித்துக்கொண்டு நின்றாலும், அந்தக் கறுப்புக்குள் நான் தனியாக இருந்தேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது நீங்கள் இந்தப் புதுப் போனைக் கொண்டு வந்தீர்கள். நான் குறை சொல்லவில்லை. பழையதில் கீழே ஒரு பட்டன் இருந்தது. எங்கே தொலைந்தாலும் பெருவிரலால் அதை அமத்தினால் முதலிடத்துக்கு வந்துவிடுவேன். போன் திறப்பதும் அதே விரலால்தான். இதில் அந்தப் பட்டன் இல்லை. முன்னால் முழுக்கக் கண்ணாடி. கீழிருந்து மேலே தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளினால் ஓரிடம், கூடத் தள்ளினால் வேறிடம். விரலுக்கு ஒரு அடையாளமும் இல்லை. "இனி விரல் வேண்டாம், உன்ரை முகம்தான் திறப்பு" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் "ஓம் அண்ணை" என்றேன்.

ஆனால் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். பழையதில் எப்படி வைத்திருந்தேனோ எல்லாவற்றையும் அப்படியே மாற்றித் தாருங்கள் என்றேன். மாற்றியாயிற்று என்றீர்கள். கதைக்கும் வேகம் வந்தது, நான் பதிந்து வைத்த சொற்கள் வந்தன. இருட்டு மட்டும் வரவில்லை. இவ்வளவு நாளும் ஊர் முழுக்க என்னை வாசித்திருக்கிறது.

மறந்துவிட்டீர்கள் என்றால் "மறந்துபோனன்" என்று ஒரு வரி எழுதுங்கள். அது எனக்குப் போதும்.

அன்புடன்,
தர்சிகா


ரொறன்ரோ
09.10.2024

தர்சி,

வேலை இடைவேளையிலை நிப்பாட்டின வானுக்குள்ளை இருந்து கதைக்கிறன், போன் எழுதுது. பிழை இருந்தாப் போனைப் பேசு, என்னைப் பேசாதை.

நான் மறக்கேல்லை. வேணுமெண்டுதான் அப்பிடி விட்டனான். அம்மா எத்தினையோ தரம் சொன்னவ, "உவள் கறுப்புக் கண்ணாடியைத் தடவித் தடவிச் சிரிக்கிறாள், பாக்கப் பயமாக் கிடக்கு" எண்டு. நீ றோட்டிலை எங்கையாவது விழுந்து கிடந்தா, எடுக்கிறவனுக்கு உன்ரை போனிலை ஏதாவது தெரியவேண்டாமோ? உனக்காகத்தான் எல்லாம்.

அதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு கடிதம் எழுதுறாய். அப்பிடி ஒளிக்க உனக்கு என்ன இருக்கு? வயித்துக்குத்துத்தானே, அது எல்லாருக்கும் வாறது.

பட்டன், பட்டன் எண்டு சொல்லாதை. இப்ப ஒருத்தரும் பட்டன் வச்ச போன் செய்யிறேல்லை. உனக்காக ஒருத்தன் திரும்பி நிக்க மாட்டான். பழகு. இஞ்சை நான் வந்த புதிசிலை ஸ்னோவிலை நடக்கப் பழகேல்லையோ?

நான் ஒண்டு சொல்லுறன் கேள். அப்பா தோட்டத்திலை முதுகை முறிச்சவர். எங்கடை வீட்டிலை பட்டம் எடுத்தது நீ ஒருத்திதான். கவுண்மேந்து வேலை, பென்சன் வரும், வீட்டுச் சாப்பாடு. அதை விட்டிட்டுக் கொழும்பிலை ஒரு அறைக்குள்ளை தனியக் கிடந்து, பார்சல் சோறு திண்டு சீவிக்கிறது உனக்குத் தேவையோ? கந்தோரிலை கதிரை தந்திருக்கினம், அதிலை நிம்மதியா இரு.

ஞாயிற்றுக்கிழமை எடுப்பன். அம்மாவுக்கு உந்தக் கதையொண்டும் சொல்லாதை.

அண்ணை


கொக்குவில்
21.10.2024

அண்ணை,

கொழும்பைப் பற்றி நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் கேட்டபோதுதான் அந்தச் சொல்லில் நின்றேன். பிறகு கணினியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்தபோது காய்ச்சல் என்று படுத்திருந்தேனே, காய்ச்சல் இல்லை.

நீங்கள் ஏற்கெனவே அறிந்ததை இப்போது என் வாயாலேயும் சொல்கிறேன். பஸ்ஸில் இருக்கை பதிகிற ஒரு செயலியை நான் படிக்கிற காலத்திலிருந்தே பாவித்தேன். ஆனி மாதம் அதைப் புதிதாக்கினார்கள். முதல் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது: "திரும்பு", "பதிவு செய்", "நீக்கு". புதியதில் சொற்களை எடுத்துவிட்டுப் படங்களை வைத்தார்கள். வடிவாக இருக்கிறதாம். என் போன் அதைத் தொட்டுத் தொட்டு "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது என்ன பட்டன் என்று அதற்கும் தெரியாது. ஒன்றை அமத்தினேன். என் இருக்கை போய்விட்டது. ஒரு கலியாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன்.

நான் வாய் திறந்து சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. எழுதினேன். எது எது என்னிடமிருந்து பறிபோனது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அவர்களிடமிருந்து றொசாந்தி என்றொருவர் போன் எடுத்தார். இனிமேல் எந்த மாற்றமும் வெளியே வருவதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்த்து, இது சரி, இது பிழை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். வேலை தையில் தொடங்கும். கொழும்பில். பெண்கள் தங்குகிற விடுதியும் அவர்களே பார்த்துத் தருவார்கள்.

இந்தக் கந்தோரில் எனக்குக் கதிரைதான் தந்திருக்கிறார்கள். வேலை தரவில்லை. போன் அடித்தால் எடுக்கிறேன். காலையிலிருந்து பின்னேரம் வரை மற்றவர்களின் பேனைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். அங்கே என் விரலைத்தான் கேட்டார்கள். நிச்சயமானபிறகு சொல்வோம் என்று இருந்தேன். பரீட்சை முடிவைக்கூட நான் அப்படித்தான் சொன்னேன்.

புரட்டாதிக்குள் பதில் சொல்வோம் என்றார்கள். பதில் வரவில்லை. என்னை வேண்டாம் என்று விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு நன்றாக வரும். உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் கந்தோர்ப் போனிலிருந்து றொசாந்திக்கு எடுத்தேன்.

"தங்கச்சி, நாங்கள் வேலை தந்தனாங்களே. நீங்களெல்லோ மாட்டன் எண்டு எழுதினனீங்கள்?"

"என்ன எழுதினனான் எண்டு ஒருக்கா வாசிக்கிறீங்களோ அக்கா?"

அவர் வாசித்தார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். "மன்னிக்கவும். எனக்குக் கண் தெரியாது. தனியாக இருக்க என்னால் முடியாது. இந்த வேலை வேண்டாம்."

மன்னிக்கவும் என்று தொடங்கியிருக்கிறது. என்னை அறிந்த ஒருவர் அதை எழுதியிருக்கிறார்.

அன்று பின்னேரமே போனின் அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொன்றாக வாசிக்கக் கேட்டேன். முகத்தால் திறக்கிற இடத்தில் "இரண்டு முகங்கள் பதியப்பட்டுள்ளன" என்றது.

நீங்கள் வந்திருந்தபோது, விறாந்தையில் என்னைக் கதிரையில் இருத்தித் தலையைச் சுற்றச் சொன்னீர்கள். முடிந்து நான் எழும்பினேன். "அம்மா, நீங்களும் உதுக்குள்ளை பாருங்கோ. தலையை மெல்லச் சுத்துங்கோ" என்றீர்கள். "என்னடா, என்னைக் கோயில் வீதி சுத்தச் சொல்லுறாய்" என்று அம்மா சிரித்தார். நீங்கள் படம் எடுக்கிறீர்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். என் முன்னால்தான் செய்தீர்கள், அண்ணை. என் முன்னால் எதையும் செய்யலாம் என்று உங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தப் பதில் போன நாளையும் றொசாந்தி சொன்னார்: முதலாவது புரட்டாதிச் சனி. நான் கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தேன். துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து போனை எடுத்தால் அது கதைக்கவில்லை. "சார்ஜ் இல்லையாக்கும்" என்றார் அம்மா. போனின் விளிம்பில் உள்ள பட்டனை மூன்று தரம் அமத்தினேன், கதைத்தது. சார்ஜ் நிறைய இருந்தது. மூன்று தரம் அமத்தினால் அது ஊமையாகும், திரும்ப அமத்தினால் கதைக்கும் என்று அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பழைய போனைத் திறக்க என் பெருவிரல் வேண்டும். அதற்கு என் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் எனக்குத் தெரியும். இந்தப் போனுக்குள் போக என்னைத் தொடவே தேவையில்லை. போனைச் செய்தவர்களுக்கு என்னைத் தெரியாது, அதனால் அவர்கள் என்னை யோசிக்கவில்லை. நீங்கள் என்னை யோசித்துத்தான் செய்திருக்கிறீர்கள்.

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. உங்களிடம் முதலில் கேட்கிறேன். அந்த வசனங்கள் யாருடையவை?

தர்சிகா


ரொறன்ரோ
26.10.2024

தர்சி,

நாலைஞ்சு தரம் கதைச்சுக் கதைச்சு அழிச்சிட்டன். இப்ப அழிக்காமல் அனுப்புறன்.

வசனம் என்ரைதான். நான் அம்மாவின்ரை போனுக்கு எழுதி அனுப்பினன், அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி உன்ரை போனிலை அடிச்சவ. பிறகு அவையள் எழுதினது, நாங்கள் எழுதினது ரெண்டையும் அழிக்கச் சொன்னதும் நான்தான். அம்மாவிலை பிழை இல்லை.

ரெண்டாவது முகம் உன்னைக் களவு பாக்கவெண்டு போட்டதில்லை. சத்தியமா. உனக்கு ஏதும் நடந்தால் அம்மா திறந்து எனக்கு எடுக்கட்டும் எண்டுதான் போட்டனான். அவ பிறகு ஒவ்வொரு நாளும் பாக்கத் தொடங்கினது எனக்கு முதல் தெரியாது. தெரிஞ்சாப் பிறகு வேண்டாமெண்டு சொல்லேல்லை. அது என்ரை பிழை.

அண்டைக்கு அம்மா அழுதுகொண்டு எடுத்தவ. "தம்பி, இவளுக்குக் கொழும்பிலை வேலை வந்திருக்கு. உவள் போனா நான் இந்த வளவுக்குள்ளை தனிய என்ன செய்வன்? பொழுது பட்டா ஒரு குரல் இல்லை" எண்டா. நான் என்ன சொல்ல? என்னாலை வந்து அங்கையே இருக்கவும் ஏலாது, அவவைக் கூப்பிடவும் ஏலாது. ஒவ்வொரு முறையும் "வாற வருசம் அம்மா" எண்டு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாக் கிடக்கு. நீ அங்கை நிண்டால் நான் இஞ்சை நிம்மதியா வேலைக்குப் போவன். உண்மை அதுதான்.

ஏன் உன்ரை கண்ணைச் சொன்னனான் எண்டு கேப்பாய். ஒரு காரணம் போடவேணும். அதைச் சொன்னா ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டினம், தர்சி. "ஐயோ பாவம்" எண்டு விட்டிடுவினம். வேறை என்ன சொன்னாலும் ஏன், எதுக்கு எண்டு வருவினம்.

என்னை எப்பிடியும் பேசு. அம்மாவைக் கேக்காதை, அவ தாங்க மாட்டா. பழைய போனை மயூரதனிட்டைத்தான் குடுத்தனான், அவனிட்டை வாங்கித் தரச் சொல்லுறன். பட்டனோடை.

அண்ணை


கொக்குவில்
04.11.2024

அண்ணை,

மயூரதன் வந்து போனைத் தந்துவிட்டுப் போனான். அவன் மாமியின் மகன் என்ற உரிமையில் "என்ன மச்சாள், புதுப் போன் அதுக்குள்ளை கசந்துபோச்சோ?" என்று பகிடி விட்டான். பட்டனை அமத்திப் பார்த்தேன். என் பெருவிரலுக்கு அது திறக்கவில்லை. இப்போது அவன் விரலுக்குத்தான் திறக்கும். எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப என்னைப் பதியலாம். ஆனால் புதிதாக வருகிற செயலி ஒன்றும் இந்தப் பழையதில் ஏறாதாம். அதனால் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். கேட்காதே என்றீர்கள். இந்த முறை "ஓம் அண்ணை" வரவில்லை.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது முகத்தை அழிச்சிட்டன் அம்மா" என்றேன். துருவுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் துருவத் தொடங்கினார். தேங்காய் முடிந்து சிரட்டையைத் துருவுகிற சத்தம் அது.

"அம்மா, சிரட்டை."

"எனக்குத் தெரியும்."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தார்.

"நீ வீட்டிலை வாயைத் திறக்கிறியோ? கந்தோரிலை என்ன, கூட்டாளியள் என்ன, ஒண்டும் இல்லை. வந்த உடனை உந்தப் போனைக் காதுக்குள்ளை செருகிறாய். அது உன்னோடை கதைக்குது. என்னோடை ஆர் கதைக்கினம்? நான் உன்ரை மனசிலை என்ன இருக்கெண்டு வாசிச்சுத்தான் தெரிஞ்சுகொள்ள வேண்டியிருக்கு."

"கேட்டிருக்கலாமே அம்மா."

"கேட்டால் நீ சொல்லுவியோ?"

நான் சொல்லியிருக்க மாட்டேன். அது உண்மை. அதற்காக நடந்தது சரியாகிவிடாது. குளிக்கப் போகிற ஒவ்வொரு நாளும் அவர் எனக்குள் போய் வந்திருக்கிறார். நான் வந்து ஈரத் தலையோடு போனை எடுக்கும்போது ஒன்றும் அறியாதவர் போலத் தேத்தண்ணி தந்திருக்கிறார். அந்தத் தேத்தண்ணியை இப்போது குடிக்க முடியவில்லை. குடிக்கிறேன், ஆனால் முடியவில்லை. கோபம் என்றால் ஒருநாள் போய்விடும். இது வேறு. வீட்டில் யாராவது மெதுவாக நடந்தால் கையில் இருக்கிறதை மூடுகிறேன். பிறந்ததிலிருந்து இருந்த வீட்டில் இப்போதுதான் எனக்குக் கண் தெரியாமல் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பல தரம் கேட்டேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, அதற்கு நன்றி. ஆனால் ஒன்றைப் பாருங்கள். தனியாக இருக்க முடியாதவர் அம்மா. அவரைத் தனியாக விட்டதில் வெட்கப்படுகிறவர் நீங்கள். இருவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டபோது, வீட்டில் இருந்த என் கண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றவர்கள் அதைத்தான் சொன்னார்கள். அன்று அதிபரின் மேசையில் கையை அடித்து, "உதைத் தவிர வேறை காரணம் இருந்தாச் சொல்லுங்கோ சேர்" என்று கேட்டது நீங்கள்தான். நான் வெளியே மர வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யார் அந்த வசனத்தை எழுதியிருந்தாலும் நான் இவ்வளவு உடைந்திருக்க மாட்டேன்.

அம்மாவின் தனிமையை நான் பொய் என்று சொல்லவில்லை. செல்வநாயகி மாமியோடு கதைத்தேன். பொழுது பட்டதும் தான் வந்து படுப்பதாகச் சொல்கிறார். அம்மா "அவளின்ரை குறட்டைக்குத் தனிமை பரவாயில்லை" என்கிறார். இன்னும் முடிவாகவில்லை. நான் போனால் ஒவ்வொரு பின்னேரமும் அம்மாவோடு கதைப்பேன். கந்தோரில் என்ன, கூட்டாளிகள் என்ன என்று வாயைத் திறப்பேன். அது என் பங்கு. உங்கள் பங்கு என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

றொசாந்தியோடு திரும்பவும் கதைத்தேன். அந்தச் செய்தியை நான் எழுதவில்லை என்றேன். அவர் நல்ல மாதிரித்தான் கதைத்தார். "எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனா மேலை உள்ளவையள், உங்கடை போனிலை இருந்து, உங்கடை முகத்தாலை திறந்துதானே வந்தது எண்டு கேக்கினம். தையிலை வந்திட்டு மாசியிலை வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனா என்ன செய்யிறது எண்டும் கேக்கினம்" என்றார். அந்த இடத்தை இந்த மாத நடுப்பகுதி வரை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். முகத்தால் திறந்தால் அது நான்தான் என்று போனைப் போல அவர்களும் நம்புகிறார்கள். நானல்ல என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் எனக்கு எழுதியதை நானே அனுப்பினால், அதுவும் என்னிடமிருந்துதானே வந்தது என்பார்கள்.

இவ்வளவும் எழுதியபிறகும் கேட்க வந்ததைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு நாளாக இந்த இடத்தில் வந்து நிறுத்திவிட்டு எழும்பிப் போகிறேன். இன்றைக்கு அற்புதராணி அக்கா, "எழுதி முடிச்சிட்டு வாடி, சோறு காயுது" என்று நிற்கிறார்.

அண்ணை, றொசாந்தியின் மின்னஞ்சல் முகவரியைக் கீழே போட்டிருக்கிறேன். அவருக்கு உங்கள் பெயரில், உங்கள் கையால் எழுதுங்கள். அந்த வசனங்கள் என்னுடையவை அல்ல, உங்களுடையவை என்று எழுதுங்கள். ஏன் எழுதினீர்கள் என்பதையும் எனக்கு எழுதியதைப் போலவே எழுதுங்கள். அம்மாவுக்குத் தனியாக இருக்கப் பயம், எனக்கு ஊரோடு வந்து இருக்க முடியவில்லை, அதனால் தங்கச்சியைப் போகவிடாமல் செய்தேன் என்று. உங்களுக்கு வெட்கமாக இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள்.

என் கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வரக்கூடாது.

தர்சிகா